துணைக்குத் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா? பரிசோதனை முதல் பராமரிப்பு வரை

தைராய்டு என்றாலே உடம்பு போடும், சோர்வாக இருக்கும், பெண்களுக்குத்தான் வரும் என்று பலருக்கும் மனதில் பதிந்திருக்கிறது. குறைவாகச் சுரப்பவர்கள்தான் நம்மைச் சுற்றி அதிகம் என்பதால் அப்படி. அதே சுரப்பி அளவுக்கு மேல் சுரந்தால் நடப்பது நேர்மாறு. நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். கை நடுங்கும், தூக்கம் கெடும், ஒரு நாளைக்கு நாலைந்து முறை வயிறு போகும். சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வரும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது மிகக் குறைவாக வரும். இதற்குப் பெயர் ஹைப்பர்தைராய்டிசம்.

சென்னையில் இதைக் கண்டுபிடிக்கத் தாமதமாவதற்கு நம் வெயிலும் ஒரு காரணம். அக்னி நட்சத்திரத்தில் யாருக்குத்தான் வியர்க்காது? மற்றவர்கள் போர்த்திக்கொண்டு தூங்கும் மார்கழி இரவிலும் உங்கள் வீட்டில் ஒருவர் ஃபேனை முழு வேகத்தில் வைத்துச் சட்டையைக் கழற்றிப் போடுகிறார் என்றால், அது வெயில் இல்லை. இதைக் கவனிக்க வீட்டில் இருப்பவரால்தான் முடியும். மருத்துவர் பத்து நிமிடம் பார்க்கிறார். நீங்கள் நாள் முழுக்கப் பார்க்கிறீர்கள்.

என் கணவர் இளைத்தபோது பார்த்தவர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி, "சுகர் பார்த்தீங்களா?" பார்த்தோம், சரியாகத்தான் இருந்தது. அம்பத்தூரில் ஷிப்டு வேலை என்பதால் தூக்கமின்மைக்கும் கோபத்துக்கும் வேலையைக் காரணம் சொன்னார்கள். முதலில் காட்டிய இடத்தில் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து, தைராய்டு அதிகம் என்று மாத்திரையும் எழுதிவிட்டார்கள். எதனால் அதிகமானது என்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை நான் விடவில்லை, நீங்களும் விடாதீர்கள். காரணம் எது என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறுகிறது.

மருத்துவரிடம் போகும் முன்

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் அவர் கண் விழித்ததும், எழுந்து நடமாடும் முன், காபி குடிக்கும் முன், மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக உங்கள் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்து நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம், துடிப்பு சீராக இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. விழித்த உடனேயே தொடர்ந்து 100ஐத் தாண்டினால், அல்லது தாளம் தவறித் தவறித் துடித்தால், எழுதி வையுங்கள். தாளம் தவறுவதை மருத்துவரிடம் முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். தைராய்டு அதிகமானால் இதயத் துடிப்பு ஒழுங்கிழந்து போவதுண்டு, அதற்கு இசிஜி எடுத்தாக வேண்டும்.

எடையை வாரம் ஒருமுறை ஒரே தராசில் பாருங்கள். கை நடுக்கம் இருக்கிறதா என்று தெரிய, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தால் போதும். வெறும் கண்ணுக்குத் தெரியாத நடுக்கமும் தாளின் ஓரத்தில் தெரியும். நான் இப்படித்தான் பார்த்தேன். "என்னங்க, தாள் இப்படி ஆடுதே?" என்றேன். "ஃபேன் காத்துல ஆடுது" என்றார். ஃபேனை நிறுத்தினேன், தாள் நிற்கவில்லை.

கழுத்தைப் பாருங்கள். தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கச் சொன்னால், குரல்வளைக்குக் கீழே வீக்கம் இருந்தால் அது ஏறி இறங்குவது தெரியும். கண்களையும் பாருங்கள். கண் முன்னே தள்ளிக்கொண்டு முறைப்பது போலத் தெரிகிறதா, மண் விழுந்தது போல உறுத்துகிறது என்கிறாரா, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறதா? தூங்கும்போது இமை முழுதாக மூடுகிறதா என்பதை நீங்கள் மட்டும்தான் பார்க்க முடியும். பழைய போட்டோ ஒன்றையும் இன்றைய போட்டோவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாற்றம் புரியும். மாம்பலம் ஸ்டேஷன் நடைமேம்பாலம் போன்ற படிக்கட்டில் ஏறும்போது தொடை சோர்ந்துபோய் நிற்கிறார் என்றால் அதையும் எழுதுங்கள். தசை பலமிழப்பதும் இதன் அறிகுறிதான்.

அப்புறம், சாப்பிடும் எல்லாவற்றின் பட்டியல். முடி கொட்டுகிறது என்று வாங்கிய பயோட்டின் மாத்திரை, எடை குறைக்கும் பொடி, கடல்பாசி மாத்திரை, நாட்டு மருந்து, இதயத்துக்கான அமியோடரோன் மாத்திரை, வேறு யாருக்கோ எழுதிக் கொடுத்த தைராய்டு மாத்திரையை இவர் சாப்பிட்டது உட்பட எதையும் விடாதீர்கள். அண்மையில் காய்ச்சலும் கழுத்து வலியும் வந்ததா, மனைவிக்கு என்றால் கடந்த ஒரு வருடத்துக்குள் பிரசவம் ஆனதா, சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்தீர்களா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு உண்டா என்ற விவரங்களும் வேண்டும். இந்தப் பட்டியலிலேயே பாதி விடை இருக்கும்.

ரத்தப் பரிசோதனை: மூன்று எண்களும் வேண்டும்

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, "சுரந்துகொடு" என்று தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவுதான் டிஎஸ்எச். தைராய்டு ஏற்கெனவே அதிகமாகச் சுரந்துகொண்டிருந்தால் அந்த உத்தரவு நின்றுவிடும். அதனால்தான் நோய் அதிகமாக இருக்கும்போது டிஎஸ்எச் எண் குறைவாக இருக்கும். முதன்முதலில் ரிப்போர்ட் பார்ப்பவர்கள் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4.0 வரை இயல்பு, லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும்.

டிஎஸ்எச் மட்டும் போதாது. தைராய்டு சுரக்கும் இரண்டு ஹார்மோன்கள் டி4, டி3. ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் அவற்றின் அளவான ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3 இரண்டையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். லேப்களில் சாதாரணமாகக் கிடைக்கும் தைராய்டு ப்ரொஃபைலில் பெரும்பாலும் டோட்டல் டி3, டோட்டல் டி4 தான், அதாவது புரதத்தோடு ஒட்டியதும் சேர்ந்த மொத்த அளவுதான் இருக்கும். கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும், தைராய்டு சரியாக இருந்தாலும் டோட்டல் எண்கள் உயர்ந்து தெரியும். சிலருக்கு டி4 சரியாக இருந்து டி3 மட்டும் ஏறியிருக்கும். டி3 பார்க்காவிட்டால் அது தெரியவே தெரியாது.

பயோட்டின் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முடிக்கும் நகத்துக்கும் விற்கும் மாத்திரைகளில் இது அதிக அளவில் இருக்கிறது. பல லேப் இயந்திரங்களின் கணக்கை இது குழப்பி, டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி3, டி4ஐ ஏற்றியும் காட்டும். நோயே இல்லாதவருக்கு நோய் இருப்பது போல ரிப்போர்ட் வரும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். மிக அதிக அளவு சாப்பிடுபவர்கள் எத்தனை நாள் நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே லேபில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுப்பது நல்லது, எண்களை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வசதி. மனைவிக்கு என்றால் கர்ப்பம் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் டிஎஸ்எச் இயல்பாகவே இறங்கும்.

டிஎஸ்எச் லேசாகக் குறைந்து மற்ற இரண்டும் சரியாக இருந்தால், பெரும்பாலும் சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். டிஎஸ்எச் அடியோடு இறங்கி டி4 அல்லது டி3 ஏறியிருந்தால், அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

எதனால் என்று கேளுங்கள்

முக்கியமாக மூன்று காரணங்கள். முதலாவது கிரேவ்ஸ் நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டிவிட்டுச் சுரக்க வைப்பது. இதுதான் அதிகம் பேருக்கு வரும் காரணம். சிலருக்குக் கண் பாதிப்பும் இதோடு சேர்ந்து வரும். இரண்டாவது, சுரப்பியில் உருவான ஒன்றோ பலவோ கட்டிகள் தன்னிச்சையாகச் சுரப்பது. மூன்றாவது தைராய்டைட்டிஸ். சுரப்பி வீங்கி, அதில் ஏற்கெனவே சேர்ந்திருந்த ஹார்மோன் ரத்தத்தில் கசிவது. வைரஸ் காய்ச்சலுக்குப் பின் கழுத்து வலியோடு வரலாம், பிரசவத்துக்குப் பின் வலியே இல்லாமலும் வரலாம்.

இந்த மூன்றாவது காரணத்துக்காகத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். தைராய்டைட்டிஸில் சுரப்பி புதிதாக அதிகம் சுரக்கவில்லை, இருந்தது கசிகிறது, அவ்வளவுதான். சுரப்பதைத் தடுக்கும் கார்பிமசோல் மாத்திரையால் அங்கே பயன் இல்லை. படபடப்புக்கும் வலிக்கும் மட்டும் மருந்து கொடுத்து, சில வாரங்களில் தானாக அடங்குவதைக் கண்காணிப்பார்கள். அதன்பின் சிலருக்கு தைராய்டு குறைவாகப் போகும், அதையும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் கார்பிமசோல் கொடுத்தால் தேவையில்லாத மருந்தும் அதன் பக்கவிளைவும்தான் மிச்சம்.

காரணத்தைப் பிரித்துச் சொல்லும் பரிசோதனைகள் இரண்டு. ஒன்று டிஎஸ்எச் ரிசப்டர் ஆன்டிபாடி, அதாவது கிரேவ்ஸில் தைராய்டைத் தூண்டிவிடும் எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் பார்ப்பது. இது தெளிவாக ஏறியிருந்தால் கிரேவ்ஸ் என்று ஏறக்குறைய உறுதி. பயோட்டின் இதையும் குழப்பும் என்பதை மறக்காதீர்கள். இன்னொன்று டெக்னீசியம் தைராய்டு ஸ்கேன், அதாவது லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, சுரப்பி அதை எவ்வளவு இழுக்கிறது என்று படம் பிடிப்பது. பெரிய மருத்துவமனைகளின் நியூக்ளியர் மெடிசின் பிரிவில் எடுப்பார்கள். கிரேவ்ஸில் சுரப்பி முழுவதும் மருந்தை இழுத்துக்கொள்ளும், கட்டியில் அந்த இடம் மட்டும் இழுக்கும், தைராய்டைட்டிஸில் இழுப்பே இருக்காது. கர்ப்பிணிகளுக்கு இந்த ஸ்கேன் கூடாது, பால் கொடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கட்டி இருப்பதாகச் சந்தேகம் என்றால் கழுத்து அல்ட்ராசவுண்டும் எடுப்பார்கள்.

எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் தேவைப்படாது. கண்ணும் கழுத்தும் பார்த்தவுடனே கிரேவ்ஸ் என்று தெரிகிறவர்களும் உண்டு. மருத்துவரிடம் சண்டைக்குப் போவது போலக் கேட்க வேண்டியதில்லை. "டாக்டர், இது கிரேவ்ஸா, கட்டியா, தைராய்டைட்டிஸா? எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?" என்று கேட்டால் போதும். நல்ல மருத்துவர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

சென்னையில் எங்கே போவது

முதலில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ, அருகில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தொடங்கலாம். ரிப்போர்ட்டில் அதிகம் என்று வந்துவிட்டால் எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் போவதே சரி. "சுகர் டாக்டர்" என்று நாம் சொல்லும் பலர் இந்தப் படிப்பு படித்தவர்கள்தான், ஆனால் எல்லோரும் இல்லை. போர்டில் டிஎம் எண்டோகிரைனாலஜி என்று இருக்கிறதா பாருங்கள்.

செலவு தாங்காது என்றால், சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, அதாவது நம் ஜி.எச்.சில் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. தைராய்டு அறுவை சிகிச்சைக்கும் அங்கே தனித்துறை உண்டு. வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி, அந்தப் பக்கம் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. எந்தப் பிரிவு எந்தக் கிழமை பார்க்கிறது என்று முதல் முறை போகும்போதே விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு போட வேண்டும். வரிசையில் நீங்கள் நில்லுங்கள், அவரை உட்கார வையுங்கள். இந்த நோயில் நிற்பதும் புழுக்கமும் மிகவும் சிரமம். தண்ணீர் பாட்டிலும் சின்னத் துண்டும் கையில் இருக்கட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். அறுவை சிகிச்சை என்று வந்தால் எது அடங்கும் என்று மருத்துவமனைக் காப்பீட்டு கவுன்டரில் கேட்டுக்கொள்ளலாம்.

கண் உறுத்தல், இரட்டைப் பார்வை இருந்தால் கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது, எளியவர்களுக்கு இன்றும் அதுதான் பெரிய துணை. சிகரெட் பிடிப்பவராக இருந்தால் இந்த இடத்தில் விட்டே ஆக வேண்டும். கிரேவ்ஸ் கண் பாதிப்பைப் புகை மோசமாக்கும், வைத்தியத்தின் பலனையும் குறைக்கும்.

மாத்திரை தொடங்கும்போது

கார்பிமசோல் தொடங்கும் முன் ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் ஒருமுறை எடுத்து வைப்பது நல்லது. பின்னால் ஏதாவது வந்தால் ஒப்பிட அது வேண்டும். படபடப்புக்கு ப்ரோப்ரனலால் சேர்த்துக் கொடுப்பார்கள், அது சீக்கிரமே நிம்மதி தரும். ஆஸ்துமா, வீசிங் இருந்தால் ஆகாது, கட்டாயம் சொல்லுங்கள்.

இனி சொல்வதைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். கார்பிமசோல் சாப்பிடும்போது காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், அன்றே மருத்துவரிடம் சொல்லி ரத்த வெள்ளணு எண்ணிக்கை எடுக்க வேண்டும். மிக அரிதாக, இந்த மருந்து வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் அடிக்கும் ஊர் இது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு ரெண்டு நாள் பார்ப்போம் என்பது நம் பழக்கம். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த ரெண்டு நாள் கொடுக்கக் கூடாது. எண்ணிக்கை சரியாக இருந்தால் மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள், நஷ்டம் ஒன்றுமில்லை. கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்த்தியான நிறத்தில் போவது இருந்தாலும் இப்படித்தான்.

குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதி அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் கார்பிமசோல் தவிர்க்கப்படும், வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

வீட்டில்

கோபம்தான் பெரிய சோதனை. டம்ளர் நகர்ந்ததற்குக் கத்துவார், அரை மணி நேரத்தில் அழுதுகொண்டு உட்காருவார். அதை அவர் வேண்டுமென்று செய்யவில்லை, ஹார்மோன் அவரைத் துரத்துகிறது. இதை நானே எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. சொந்த வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள். என் மாமியாரிடம், "அத்தை, அவர் குணம் மாறலை, ரத்தத்துல ஏறியிருக்கு, மருந்து வேலை செஞ்சா இறங்கும்" என்று விளக்கியபின் வீட்டில் பாதிச் சத்தம் குறைந்தது. பெரிய முடிவுகளை, அதாவது வேலையை விடுவது, வீடு மாறுவது, சொத்துப் பேச்சு எல்லாவற்றையும் எண்கள் சரியாகும்வரை தள்ளிப் போடுங்கள். அதற்காக அடி, மிரட்டல் எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் மருத்துவரிடமும் பெரியவர்களிடமும் உடனே பேசுங்கள்.

இரவில் தூக்கம் இல்லாதவரோடு நீங்களும் விழித்திருந்தால் இரண்டு பேரும் சாய்ந்துவிடுவீர்கள். சில நாள் தனிப் பாயில் படுப்பதில் தப்பில்லை. படுக்கை உறவில் நாட்டமும் குறையலாம், அதுவும் நோயின் பகுதிதான், மருந்தில் சரியாகும்.

சாப்பாட்டில் பத்தியம் என்று எதையும் பெரிதாக ஒதுக்க வேண்டாம். உடம்பு வேகமாக எரிக்கிறது, அதனால் கூடுதலாகவே சாப்பிடட்டும். முட்டை, பருப்பு, மீன், பால், தயிர் நல்லது, எலும்பும் தேய்வதால் கால்சியம் வேண்டும். ஃபில்டர் காபி படபடப்பைக் கூட்டும், காலையில் அரை டம்ளரோடு நிறுத்தப் பாருங்கள். அயோடின் உப்பை அளவோடு சேர்ப்பதில் பயம் வேண்டாம், கடல்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்து மட்டும் கூடாது. மருந்தால் சரியாகத் தொடங்கியதும் எடை ஏறும். "குண்டாயிட்டேன்" என்று மாத்திரையை விடுபவர்கள் உண்டு. விட விடாதீர்கள்.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி பேதி, நெஞ்சு தறிகெட்டு அடிப்பது, அதோடு பேச்சு குழறுவது அல்லது ஆள் குழம்புவது சேர்ந்து வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். தைராய்டு ஸ்டார்ம் என்ற இந்த நிலை உயிருக்கே ஆபத்து. மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும், வேறு தொற்று வருவதும் இதைக் கிளப்பலாம். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், திடீரெனப் பார்வை மங்குவது எல்லாமே அவசரம்தான்.

ஆண்களுக்கு இன்னொன்று. இரவு பரோட்டாவோ பிரியாணியோ வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தவர், விடியற்காலையில் கால்களைத் தூக்க முடியாமல் கிடப்பார். ஆசிய ஆண்களிடம் தைராய்டு அதிகமாகும்போது ரத்தத்தில் பொட்டாசியம் திடீரென இறங்கி இப்படி நடப்பதுண்டு. பக்கவாதம் என்று நினைத்துப் பதறுவார்கள். எமர்ஜென்சியில், "தைராய்டு அதிகம் இருக்கு, பொட்டாசியம் பாருங்க" என்று சொல்ல உங்களால் முடிய வேண்டும்.

அதற்கப்புறம்

தொடக்கத்தில் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து அளவை மாற்றுவார்கள். டி4, டி3 சரியான பின்பும் டிஎஸ்எச் சில மாதம் குறைந்தே இருக்கும், அதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கிரேவ்ஸ் என்றால் பொதுவாக 12 முதல் 18 மாதம் மாத்திரை. நிறுத்தும் முன் ஆன்டிபாடியை மறுபடி பார்ப்பது நல்லது. நிறுத்தியபின் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. அப்போது ரேடியோ அயோடின், அதாவது கதிரியக்க அயோடினை உட்கொள்ளக் கொடுத்து சுரப்பியை அடக்குவது, அல்லது அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். ரேடியோ அயோடினுக்குப் பின் பெண்கள் ஆறு மாதமாவது கர்ப்பம் தவிர்க்க வேண்டும், சில நாள் குழந்தைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் விலகியிருக்க வேண்டும், கண் பாதிப்பு உள்ளவர்களுக்கு அது கண்ணை மோசமாக்கலாம். சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டால் ஆயுளுக்கும், இல்லாத தைராய்டு ஹார்மோனை ஈடுகட்டத் தினம் ஒரு தைராக்சின் மாத்திரை. ரேடியோ அயோடின் எடுத்த பலருக்கும் இதே நிலைதான். அது பயப்படும்படியான வாழ்க்கை இல்லை, கோடிக்கணக்கானவர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வையுங்கள். மருந்து நிறுத்திய முதல் வருடத்தில் ரத்தப் பரிசோதனைக்கான தேதிகளைக் காலண்டரில் முன்கூட்டியே வட்டமிட்டு விடுங்கள். காலையில் நாடி எண்ணுவதையும் அதுவரை விடாதீர்கள். நோய் திரும்பினால் பல நேரம் லேபுக்குப் போவதற்கு முன்பே நாடியில்தான் தெரியவரும்.